இளைப்பின் உண்மைப் பெயரைச் சொல்வோம்

(சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் பிழைக்க வந்திருக்கும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில், நமது சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தின் மூன்றாம் புதன்கிழமையை, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைப் பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்லும் நாளாக உலகம் கடைப்பிடிக்கிறது. 2002ஆம் ஆண்டில் தொடங்கிய வழக்கம் இது. டாக்டர்கள் இந்த நோயைச் சுருக்கமாக சி.ஓ.பி.டி. என்பார்கள். நம் வீடுகளில் இதற்கு வேறு பெயர்கள். இளைப்பு என்போம், நெஞ்சுச் சளி என்போம், பீடி இருமல் என்போம். ஐம்பதைத் தாண்டிய ஆளாக இருந்தால் "வயசாயிடுச்சு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். கல் உடைத்தவர் இறந்தால் "டி.பி.யில் போய்விட்டார்" என்போம்.

இத்தனை பெயர் சொல்கிற நாம், இவற்றில் எது உண்மைப் பெயர் என்று கேட்பதில்லை. இன்று நமது சங்கம் உங்கள் முன் வைக்க வந்திருப்பது இந்த ஒரு விஷயத்தைத்தான். நோயின் உண்மைப் பெயர் தெரிந்தால்தான் சரியான வைத்தியம் கிடைக்கும். நோயின் காரணம் காகிதத்தில் ஏறினால்தான் நஷ்டஈடு கிடைக்கும். பெயரில்லாத நோய்க்கு இரண்டும் கிடைக்காது.

எண்ணப்படாத சாவுகள்

2015 ஏப்ரல் 7ஆம் நாள், இந்தத் திருப்பதிக்குப் பக்கத்தில், சேஷாசலம் காட்டில், ஆந்திரப் போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தவர். நாடே அதிர்ந்தது. சட்டமன்றத்தில் பேசினார்கள், நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள், மனித உரிமை ஆணையம் விசாரித்தது. அந்த 20 பேரும் எண்ணப்பட்டார்கள்.

ஆனால் தோழர்களே, கல் குவாரியிலும், கிரானைட் அறுக்கும் பட்டறையிலும், செங்கல் சூளையிலும், வெல்லம் காய்ச்சும் கொட்டகையிலும் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு, ஊருக்குத் திரும்பித் திண்ணையில் உட்கார்ந்து சாகிறவனை யார் எண்ணுகிறார்கள்? அவன் இறப்பது சொந்த ஊரில். அவன் நோய் வாங்கியது இந்த ஊரில். இங்குள்ள கணக்கிலும் அவன் இல்லை, அங்குள்ள கணக்கிலும் அவன் இல்லை.

நாடு முழுவதற்குமான கணக்கு ஒன்று உண்டு. 1990ஆம் ஆண்டில் இந்தியாவில் இந்த நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் ஏறத்தாழ 2 கோடியே 81 லட்சம் பேர் என்றும், 2016இல் அது 5 கோடியே 53 லட்சமாக ஏறிவிட்டது என்றும் ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டார்கள். உலகம் முழுவதும் 2021ஆம் ஆண்டில் 35 லட்சம் பேர் இந்த நோயால் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எழுபது வயதுக்கு முன்பே இந்த நோயால் சாகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில்தான் இருக்கிறார்கள். ஆகவே இது வயதின் நோய் என்று சொல்வது முழு உண்மையல்ல. வறுமைக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது.

உள்ளே போன காற்று வெளியே வருவதில்லை

நோய் என்ன செய்கிறது என்பதை எல்லோருக்கும் புரியும்படி சொல்லிவிடுகிறோம். நம் மூச்சுக்குழாய் ஒரு மரம்போலக் கிளைத்துக் கிளைத்து உள்ளே போகிறது. கிளைகளின் நுனியில் கோடிக்கணக்கான சின்னச் சின்னக் காற்றுப் பைகள். ரத்தம் காற்றை வாங்கிக்கொள்வது அங்கேதான். புகையும் தூசியும் ஆண்டுக்கணக்கில் போய்க்கொண்டே இருந்தால், குழாய்கள் வீங்கிச் சுருங்குகின்றன, சளி கட்டுகிறது, பைகளின் சுவர்கள் இற்றுப்போகின்றன. பழைய ரப்பர் பலூன் தொய்ந்துபோவதுபோல நுரையீரல் தன் இழுவையை இழந்துவிடுகிறது. உள்ளே போன காற்று முழுதாக வெளியே வருவதில்லை. பழைய காற்று வெளியேறாமல் புதுக்காற்றுக்கு இடம் ஏது? அதனால்தான் நோயாளி மூச்சை இழுப்பதற்கும் விடுவதற்கும் மல்லுக்கட்டுகிறார்.

இது ஒரே நாளில் வருவதில்லை. அதில்தான் மோசம் இருக்கிறது. அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். சில ஆண்டுகளுக்கு முன் மூட்டையோடு ஏறியவர், இப்போது கையை வீசிக்கொண்டு ஏறும்போதே நாலு இடத்தில் உட்காருகிறார். அடுத்த ஆண்டு "பஸ்ஸில் போகலாம்" என்கிறார். அப்புறம் தெருமுனைக் கடைக்குப் போய்வந்தாலே நிற்கிறார். கடைசியில் வேட்டி மாற்றிக்கொள்வதற்கே மூச்சு வாங்குகிறது. ஒவ்வொரு படியிலும் நாம் ஒரு சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சமாதானங்களுக்கு நடுவில்தான் நோய் வளர்கிறது.

மூன்று வழியாக வரும் புகை

முதல் வழி பீடி. வேலூர், குடியாத்தம் பக்கத்து வீடுகளில் நம் பெண்கள் விரல் நோகச் சுற்றிக் கொடுக்கிற பீடியை, இங்கே நம் ஆண்கள் நெஞ்சு நோக இழுக்கிறார்கள். பீடி சின்னது, ஆகவே கெடுதலும் சின்னது என்று நினைக்க வேண்டாம். அணையாமல் இருக்க வேண்டுமென்று அதை அடிக்கடி, ஆழமாக இழுக்கிறோம்; சிகரெட்டைவிடத் தாரும் நிக்கோட்டினும் அதிகமாக உள்ளே போகின்றன. திருமலையில் பீடி, சிகரெட்டுக்குத் தடை. மலைமேல் இருக்கும் வரை சட்டைப்பையில் கை வைக்காத நாம், அடிவாரத்துக்கு வந்ததும் தீப்பெட்டி தேடுகிறோம். சாமிக்கு முன்னால் விட முடிந்ததைப் பிள்ளைகளுக்கு முன்னாலும் விட முடியாதா? எந்த வயதில் விட்டாலும், நுரையீரல் கெட்டுப்போகிற வேகம் குறைகிறது. விட உதவி வேண்டுமென்றால், மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356.

இரண்டாம் வழி அடுப்பு. இதை நாம் ஆண்களைப் பார்த்துச் சொல்கிறோம். பீடியைத் தொட்டே பார்க்காத தாய்மாருக்கும் இதே நோய் வருகிறது. விறகு, வறட்டி, கரும்புச் சக்கை எரிகிற தகரக் கொட்டகையில் நாளைக்கு மூன்று நான்கு மணி நேரம் குனிந்து ஊதுகிறவள் குடிக்கிற புகைக்குக் கணக்கு யார் வைத்தது? மடியில் இருக்கிற குழந்தையும் அதையே சுவாசிக்கிறது. ஆந்திர அரசு 1999இலேயே 'தீபம்' திட்டத்தில் ஏழைப் பெண்களுக்கு எரிவாயு இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது. 2024 முதல் ஆண்டுக்கு 3 சிலிண்டர் இலவசம் என்றும் அறிவித்தது. ஆனால் அதற்கு இந்த மாநிலத்துக் குடும்ப அட்டை வேண்டும். நம் அட்டை தமிழ்நாட்டில், நம் அடுப்பு ஆந்திரத்தில்! மத்திய அரசு 2021இல் தொடங்கிய உஜ்வலா இரண்டாம் கட்டத்தில், புலம்பெயர்ந்த தொழிலாளர் குடும்பங்கள் முகவரிக்கும் குடும்ப விவரத்துக்கும் தாங்களே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி போதும் என்று விதி செய்தார்கள். இந்த விதியைத் தெரிந்துகொண்டு எரிவாயு ஏஜென்சிக்குப் போங்கள். "அட்டை இல்லை" என்று திருப்பி அனுப்பினால் சங்கத்துக்கு வாருங்கள். நாங்கள் கூட வருகிறோம்.

மூன்றாம் வழி வேலை. குப்பம் பக்கத்துக் கிரானைட் உலகமெங்கும் தரையாகவும் சுவராகவும் பளபளக்கிறது. அந்தக் கல்லைத் துளையிடும்போதும் அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் பறக்கிற தூசியில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும், சளியோடு வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசிதான் காற்றுப் பை வரைக்கும் போகிறது. உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, துப்பவும் முடியாது. அதைச் சுற்றித் தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த இடம் காற்று வாங்காது. இதற்குத்தான் சிலிகோசிஸ் என்று பெயர். இதே கல் தூசி நுரையீரல் அடைப்பு நோயையும் கொண்டுவரும். பீடியும் சேர்ந்தால் இரட்டிப்புக் கேடு.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்கிறோமே என்பீர்கள். துண்டு வெயிலைத் தடுக்கும், நுண்தூசியைத் தடுக்காது. துளையிடும் இடத்திலேயே தண்ணீர் பாய்ச்சி ஈரத்தோடு வெட்டுவதும், தூசியை உறிஞ்சும் யந்திரம் வைப்பதும், அதற்குமேல் சரியான முகமூடி கொடுப்பதும்தான் தடுப்பு. தண்ணீர்க் குழாய்க்குச் செலவு செய்வது முதலாளியின் கடமை. அந்தச் செலவை மிச்சம் பிடித்தால், மிச்சம் பிடிப்பது நம் மூச்சிலிருந்து.

டி.பி. வேறு, தூசி நோய் வேறு

பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம் இருக்கிறது. நூறாண்டுக்கு முன்பே அங்கே காசநோய்க்கென்று ஒரு பெரிய ஆரோக்கிய நிலையம் எழுந்தது. தென்னாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் அங்கே வந்தார்கள். அப்படிப்பட்ட இடங்களின் உழைப்பால் டி.பி. என்ற பெயர் படிக்காத வீட்டுக்கும் தெரிந்தது. இன்று அதற்கு நாடு முழுவதும் இலவச மருந்து உண்டு. இங்கே தொடங்கிய சிகிச்சையைச் சொந்த ஊருக்கு மாற்றிக்கொண்டு தொடரவும் வழி உண்டு.

அந்த அறிவே இப்போது ஒரு தப்புக்கும் இடம் கொடுக்கிறது. இருமல், இளைப்பு, உடம்பு மெலிவு என்றால் எல்லாமே டி.பி. என்று முடிவு கட்டிவிடுகிறோம். தூசி படிந்த நுரையீரலின் எக்ஸ்ரேயும் டி.பி. போலத் தோன்றலாம். சளியில் கிருமி இல்லாவிட்டாலும் மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை விழுங்கிக்கொண்டு, மறுபடியும் அதே தூசிக்குள் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், சிலிகோசிஸ் உள்ளவரை டி.பி. எளிதாகப் பிடிக்கும், இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும். ஆகவே சளிப் பரிசோதனையை விடக்கூடாது. அதோடு நிறுத்தவும் கூடாது. டாக்டர் கேட்காவிட்டாலும், "ஐயா, நான் இத்தனை ஆண்டு கல் வேலை செய்தேன்" என்று நாமே சொல்ல வேண்டும்.

தங்கவயலில் நடந்தது

இதை நம்மவர்கள் ஏற்கெனவே ஒரு முறை பட்டுத் தெளிந்திருக்கிறார்கள். குப்பத்திலிருந்து வெகு தூரமில்லை கோலார் தங்கவயல். 1880ஆம் ஆண்டு முதல் ஆங்கிலேயக் கம்பெனி அங்கே தங்கம் எடுத்தது. வட ஆற்காட்டிலிருந்தும், சித்தூர்ச் சீமையிலிருந்தும், சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்தும் போன தமிழர்கள், அதிலும் பெரும்பகுதி தாழ்த்தப்பட்ட மக்கள், பூமிக்குள் இறங்கிப் பாறை துளைத்தார்கள். பல ஆண்டுகள் அவர்களுடைய நெஞ்சு நோய்க்கு நிமோனியா என்றும் காசம் என்றும் பெயர் எழுதப்பட்டது. பிறகுதான் சிலிகோசிஸ் என்ற பெயர் வெளியே வந்தது. 1940ஆம் ஆண்டில் மைசூர் அரசு அந்த நோய்க்கு நஷ்டஈடு கொடுக்க விதி செய்தது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் தொழிலாளரை வரிசையாகப் பரிசோதித்தபோது ஆயிரக்கணக்கானோர் நெஞ்சில் அந்த நோய் இருப்பது தெரிந்தது. பெயர் வைப்பதற்கு முந்திய நாளும் அந்த ஆயிரக்கணக்கானோர் அங்கேதான் இருந்தார்கள். பெயர் வந்த பிறகுதான் அவர்கள் நோயாளிகள் என்று ஒப்புக்கொள்ளப்பட்டார்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அந்தப் பாடம் மூடப்படக்கூடாது.

இன்னொரு பாடம் வடக்கே நடந்தது. மத்தியப் பிரதேசத்து ஜாபுவா, அலிராஜ்பூர்ப் பக்கத்து ஆதிவாசிகள் குஜராத்தில் கோத்ரா வட்டாரத்து ஆலைகளுக்கு வெள்ளைக் கல் அரைக்கப் போனார்கள். நம்மைப் போலவே எல்லை தாண்டிப் போன கூலிகள். ஊர் திரும்பி ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். வேலை கொடுத்த மாநிலமா, சொந்த மாநிலமா, யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. மக்கள் அமைப்புகள் விடவில்லை. செத்தவர் பெயரை ஒவ்வொன்றாக எழுதி, எக்ஸ்ரேயைச் சேர்த்து, வழக்காடினார்கள். 2010இல் தேசிய மனித உரிமை ஆணையம் 238 பேர் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2016இல் உச்ச நீதிமன்றம் குஜராத் அரசை அதைக் கொடுக்கும்படி உத்தரவிட்டது. வேலை வாங்கிய மாநிலம்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் பொருள். ராஜஸ்தான் அரசு 2019இல் தனிக் கொள்கையே வகுத்தது: சிலிகோசிஸ் என்று சான்று பெற்றவருக்கு 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ராஜஸ்தானில் முடிந்தது ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் ஏன் முடியாது என்று நாம் கேட்க வேண்டாமா?

சட்டம் இருக்கிறது, ஆதாரம் எங்கே?

சிலிகோசிஸ் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய தொழில் நோய் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அது பட்டியலில் இருக்கிறது. நஷ்டஈட்டுக்குரிய நோய்களிலும் அதன் பெயர் உண்டு. இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளியாக இருந்தால் ஊனத்துக்கு மாதாமாதம் உதவியும், இறந்தால் குடும்பத்துக்கு உதவியும் கேட்கலாம்.

ஆனால் சட்டம் முதலில் கேட்பது: நீ எங்கே வேலை செய்தாய்? யாரிடம்? எத்தனை ஆண்டு? தூசி நோய் பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துத்தான் தலை காட்டுகிறது. வேலையை விட்ட பிறகும் அது முற்றிக்கொண்டே போகலாம். அதற்குள் குவாரி கைமாறியிருக்கும். மேஸ்திரி வேறு ஊருக்குப் போயிருப்பார். மஸ்டர் ரோலில் நம் பெயர் ஏறியதே இருக்காது. நம் கையில் இருமலைத் தவிர வேறு ஆதாரம் இருக்காது.

இங்கே ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் போனது. 1960இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. எல்லைக் கல்லை ஆட்சியாளர்கள் நட்டார்கள், பிடுங்கினார்கள். கல் தூசிக்குத் தமிழன், தெலுங்கன் என்ற பேதம் தெரியாது. பக்கத்தில் நின்று துளையிடுகிற தெலுங்குத் தோழருடைய நெஞ்சிலும் அதுதான் படிகிறது. ஆகவே தண்ணீர்க் குழாய் கேட்கும்போது அவரையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். தனித்துக் கேட்டால் "நாளையிலிருந்து வராதே" என்பார்கள். பட்டறை முழுவதும் கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, மூன்று வாரத்துக்கு மேல் இருமலோ, முன்பு ஏறிய ஏற்றம் இப்போது முடியாத இளைப்போ இருந்தால் மருந்துக்கடையில் சிரப் வாங்கிக் காலம் கடத்த வேண்டாம். திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனை இருக்கிறது, தேவஸ்தானத்தின் ஸ்விம்ஸ் இருக்கிறது. வேலூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு சி.எம்.சி. இருக்கிறது. அங்கே ஸ்பைரோமெட்ரி என்ற பரிசோதனையைக் கேளுங்கள். ஊசி இல்லை, வலி இல்லை. முழு மூச்சை இழுத்து, ஒரு குழாயில் ஒரே ஊதாக ஊத வேண்டும். மருந்து உறிஞ்சச் சொல்லிவிட்டு மறுபடியும் ஊதச் சொல்வார்கள். ஊதிய மொத்தக் காற்றில் முதல் நொடியில் வருவது நூற்றுக்கு 70க்குக் குறைவாக இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். தொடக்க காலத்து அடைப்பு எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், இதில் தெரிந்துவிடும். கல் வேலை செய்தவர்களுக்கு எக்ஸ்ரேயும் வேண்டும்.

இரண்டாவது, டாக்டர் இன்ஹேலர் கொடுத்தால் பயப்பட வேண்டாம். "பம்ப் அடித்தால் அதுவே பழக்கமாகிவிடும்" என்பது வீண் பேச்சு. மாத்திரை உடம்பெல்லாம் சுற்றி நெஞ்சுக்கு வருகிறது. பம்ப் மருந்து நேரே நெஞ்சுக்குப் போகிறது, அளவும் குறைவு. இற்றுப்போன நுரையீரலைப் பழையபடி ஆக்க எந்த மருந்தும் இல்லை என்பது உண்மை. ஆனால் மருந்தாலும், பீடியை விடுவதாலும், தூசியிலிருந்து விலகுவதாலும், டாக்டர் சொல்லித் தருகிற மூச்சுப் பயிற்சியாலும் நடமாடும் ஆண்டுகளைக் கூட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது, மருத்துவமனைச் சீட்டில் உங்கள் தொழிலை எழுதச் சொல்லுங்கள். "கூலி" என்று எழுதினால் போதாது. "கிரானைட் அறுப்பு, 12 ஆண்டு" என்று எழுதினால் அது நாளைக்குச் சாட்சி சொல்லும்.

நான்காவது, ஒவ்வொரு குடும்பமும் ஒரு நோட்டுப் புத்தகம் போட வேண்டும். எந்த ஆண்டு எந்தக் குவாரி, எந்தப் பட்டறை, எந்தச் சூளை, முதலாளி யார், மேஸ்திரி யார், கூட வேலை செய்தவர்கள் யார், காய்ந்த கல்லா, தண்ணீர் விட்டு வெட்டினார்களா, எத்தனை மாதம். கூலிச் சீட்டு, அடையாள அட்டை, வேலை இடத்தில் எடுத்த போட்டோ எது இருந்தாலும் அதில் வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எழுதித் தரட்டும். அப்பன் எங்கெங்கே உழைத்தான் என்பதைப் பிள்ளை தெரிந்துகொள்வதும் ஒரு படிப்புத்தான்.

ஐந்தாவது, இந்த நோட்டுப் புத்தகங்களை ஒன்றாக வைத்துக்கொண்டு, சித்தூர், திருப்பதி மாவட்ட ஆட்சியாளர்களிடமும், தமிழ்நாட்டு அரசிடமும் சங்கம் மூன்று கோரிக்கை வைக்கும். குவாரிகளிலும் பட்டறைகளிலும் நுரையீரல் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும். ஈரம் விட்டு வெட்டும் முறையைக் கண்காணிக்க வேண்டும். எல்லை தாண்டி வந்த தொழிலாளிக்கும் இங்கேயே சான்றும் நிவாரணமும் தர வேண்டும். பத்துப் பேர் மனு கொடுத்தால் தபாலில் போட்டுவிடுவார்கள். ஐந்நூறு நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் அடுக்கினால் எண்ணித்தான் ஆக வேண்டும்.

தோழர்களே, தாய்மார்களே! "வயசாயிடுச்சு" என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுவோம். 45 வயதுக்காரனுக்கு அது பொருந்தாது. அடுத்த மாதம் இதே முதல் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூடுவோம். வரும்போது ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொண்டு வாருங்கள். முதல் பக்கத்தில் பெயரும் சொந்த ஊரும், இரண்டாம் பக்கத்தில் நீங்கள் இந்தச் சீமையில் முதன்முதலில் கை வைத்த வேலையின் பெயரும் இருக்கட்டும். மீதியை எல்லோரும் சேர்ந்து எழுதுவோம்.